மென்பொருளைத் தமிழாக்க உலாவியில் தட்டினால் போதாதா? மொழிபெயர்ப்பு வரிகள் உள்ள கோப்பை ஏன் இறக்கச் சொல்கிறார்கள்?

நீங்கள் இப்போதுதான் தன்னார்வலராகச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உலாவியில் திறக்கும் மொழிபெயர்ப்புத் தளத்தில் ஆங்கில வரி, கீழே ஒரு காலிப் பெட்டி, சேமி பொத்தான். தொடங்குவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

ஒளிப்படங்களை அடுக்கிவைக்கும் ஒரு கட்டற்ற மென்பொருளுக்கு நானும் நண்பர்களும் பல மாதம் உழைத்தோம். பெயர் வேண்டாம். வெளியீடு நெருங்கும்போது ஒரு கல்லூரியில் மொழிபெயர்ப்பு முகாம் நடத்தி, மீதி வரிகளை மாணவர்கள் நிரப்பினார்கள். அதில் ஒரு வரியில் ஆங்கிலப்படி எத்தனை படங்கள் என்ற எண் முதலில் வரும், தொகுப்பின் பெயர் பிறகு வரும். தமிழில் ‘கல்யாணம் தொகுப்பில் 12 படங்கள்’ என்றுதானே சொல்வோம்? அந்த மாணவியும் அப்படித்தான் எழுதினார். அருமையான தமிழ். ஆனால் எண்ணுக்கும் பெயருக்கும் பதிலாக வரியில் நிற்கும் %d, %s போன்ற குறிகளை இடம் மாற்றினால், எது முதலாவது எது இரண்டாவது என்று அவற்றுக்குள்ளேயே வரிசை எண் போட வேண்டும். பெட்டியருகே அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தளம் பச்சை காட்டி 100% என்றது. வெளியீட்டன்று, மொழிபெயர்ப்புகளை மென்பொருளில் சேர்க்கும் கெட்டெக்ஸ்ட் கருவியின் சோதனை அந்த வரியில் பிழை சொல்லி நின்றது. நேரமில்லை என்று தமிழ்க் கோப்பையே ஒதுக்கிவிட்டு வெளியிட்டார்கள். அந்த மாணவி மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. சோதிக்காமல் வாங்கிக்கொண்ட பெட்டியின் மேல்தான்.

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் இந்தச் சோதனை இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல கருவி, நானே பயன்படுத்துகிறேன். எல்லாத் தளமும் அப்படியில்லை என்பதுதான் என் பேச்சு. இன்னொன்று: மூல வரியில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் பழைய தமிழ் வரி ‘ஐயத்துக்குரியது’ ஆகிவிடும், அதைத் திருத்தும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். நாம் இறக்கும் பிஓ (PO) வகை மொழிபெயர்ப்புக் கோப்பில் பழைய ஆங்கில வரியையும் சேர்த்து வைக்க வழியுண்டு, என்ன மாறியது என்று ஒரே பார்வையில் தெரியும். அதைக் காட்டாத தளத்தில் முழு வரியையும் மறுபடி யோசிக்க வேண்டும். நிரலாளர் எழுதிவைத்த குறிப்பு, முன்பின் வரிகள் எல்லாம் கோப்பில் கண்முன்னே கிடக்கும். பெட்டியில் ஒவ்வொரு வரியும் அநாதை.

இவ்வளவும் செய்தபின் நம் ஆட்களே ‘தமிழில் யார் பயன்படுத்தப் போகிறார்கள்?’ என்று கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேடையில் கணித்தமிழுக்குக் கைதட்டுகிறவர்கள்கூடக் கைப்பேசியை ஆங்கிலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பயன்படுத்தி, இந்த வரி சரியில்லை என்று திட்டவாவது செய்யுங்கள், சந்தோஷமாகத் திருத்துவோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலாவியிலேயே தொடங்குங்கள். கை பழகியதும் கோப்பை இறக்கி, போஎடிட், லோக்கலைஸ் போன்ற மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசியுங்கள். லினக்ஸ் கணினிகளுக்கான ஜினோம் பணிமேடையை மொழிபெயர்க்கும் குழுக்கள் கோப்பை முன்பதிவு செய்து, இறக்கி, திருத்தி, ஏற்றும் முறையில் வேலை செய்பவை, அதைப் பழையது என்று தள்ளிவிடாதீர்கள். ஏற்றுவதற்கு முன் சரிபார்ப்பை ஓட்டுங்கள். குறி இடம் மாறிய வரி இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.