200 என்று வாங்கினேன், 5 தான் வருகிறது: கோளாறு லேப்டாப்பிலா?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு முதல்முறையாக லேப்டாப் வாங்கியிருக்கிறேன். வீட்டில் 200 எம்பிபிஎஸ் இன்டர்நெட். ஆனால் எதை டவுன்லோட் செய்தாலும் வேகம் 5க்கு மேல் காட்டுவதில்லை. புகார் செய்தால் லேப்டாப்பில்தான் கோளாறு என்கிறார்கள். இணைப்பு கொடுக்க வந்தவரோ, 500 திட்டத்துக்கு மாறுங்கள், நான் ஒரு ரூட்டர் தருகிறேன் என்கிறார். சில நேரம் வைஃபை அடியோடு காணாமல் போகிறது. என்ன செய்வது?

பதில்: 500க்கு மாறாதீர்கள். ரூட்டரும் வாங்காதீர்கள். புது லேப்டாப்பைச் சந்தேகிக்க இதுவரை ஒரு காரணமும் இல்லை.

முதலில் அந்த 5. நிறுவனம் விற்பது எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில். டவுன்லோட் ஆகும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, உங்கள் 200 முழுசாக வந்தாலும் அங்கே 25 என்றுதான் தெரியும். நீங்கள் பார்க்கும் 5 உண்மையில் 40 எம்பிபிஎஸ். குறைவுதான், ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. எட்டால் வகுத்துப் பாருங்கள் என்று பில்லில் ஒரு வரி போட்டால் எத்தனையோ புகார்கள் வராது. போட மாட்டார்கள், பெரிய எண்தானே விற்கும்!

மீதி வேகம் பெரும்பாலும் வைஃபையில் போய்விடுகிறது. இன்றைய ரூட்டர்கள் பலவும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4 சுவர் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு ரூட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் நெரிக்கும். வைஃபை பட்டியலில் உங்கள் வைஃபையின் பெயரே இரண்டு முறை வந்து, ஒன்றின் வாலில் 5ஜி (5 கிகாஹெர்ட்ஸ்) என்று இருந்தால் அதில் இணையுங்கள். மொபைல் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் லேன் கேபிளை ரூட்டரிலிருந்து நேராக லேப்டாப்பில் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு ஒரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் வேகம் பாருங்கள். அங்கே பெரும்பாலும் எம்பிபிஎஸ்ஸிலேயே காட்டும், எட்டால் வகுக்க வேண்டாம். இதில் ஒரு விஷயம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் லேன் துளை இருக்காது. யுஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும். மலிவான அடாப்டர்கள் சில 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அதை மாட்டிச் சோதித்தால் 94, 95 என்று வரும், நிறுவனம் பாதியைத் திருடுகிறது என்று கொதிப்பீர்கள். பழைய கேபிளில் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் நாலு மட்டும் வேலை செய்தாலும் இதே எண்தான் வரும். ஆகவே 90களில் போய் நின்றால் முதலில் அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். கிகாபிட் என்று போட்ட அடாப்டராக இருக்கட்டும். அதன் பிறகும் 200 பக்கம் வரவில்லை என்றால்தான் தப்பு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். திரையைப் படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடுங்கள் என்று ஒப்பித்துவிட்டு, சரிசெய்யாமலே புகாரை முடித்துவிடுவார்கள்.

மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் டேட்டா வரம்பு தாண்டியிருக்கலாம். அன்லிமிடெட் என்று பெயர் வைத்துவிட்டு, வரம்பைப் பொடி எழுத்தில் ஒளிப்பது இந்தத் தொழிலின் பழைய வித்தை. புது லேப்டாப் முதல் சில நாட்களில் அப்டேட்டுகளை ஜிபி கணக்கில் இழுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, இணைப்பு கொடுக்க வந்தவருக்கு வருவோம். பெரிய திட்டம் விற்றால் பல இடங்களில் இவர்களுக்குக் கமிஷன் உண்டு. வைஃபையில்தான் வேகம் போகிறது என்றால், 500க்கு மாறினாலும் அதே 40தான் வரும். வேகம் கூட்டித் தருகிறேன் என்று ஏதாவது சாப்ட்வேர் போட வந்தால் லேப்டாப்பைக் கையில் கொடுக்காதீர்கள்; நிறுவனத்திலிருந்து வருகிற லைன் வேகத்தை எந்த சாப்ட்வேரும் கூட்டாது. போனில் அழைத்து, இந்த ஆப்பைப் போடுங்கள், நாங்களே இங்கிருந்து பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் உடனே துண்டியுங்கள். அந்த ஆப் வழியாக உங்கள் வங்கிக் கணக்கு வரை போகலாம். ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டு என்ன என்று இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு, பழையபடி அட்மின் என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கடைசியாக, வைஃபை காணாமல் போவது. கீபோர்டின் மேல் வரிசையில் குட்டி விமானப் படம் போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் கைதவறி அதை அழுத்திவிடுவது சகஜம். அழுத்தினால் வைஃபை அணைந்துவிடும், திரையின் ஓரத்திலும் அதே விமானம் தெரியும். இன்னொரு முறை அழுத்தினால் திரும்ப வரும். சில மாடல்களில் எஃப்என் (Fn) விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.