திறந்த மூல மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது பாதுகாப்பு ஃபிளாக்குகளை எல்லாம் போடலாமா? வேகம் எவ்வளவு அடிபடும்?

போடலாம். ஃபிளாக் என்பது, எழுதிய நிரலை ஓடும் நிரலாக மாற்றும் (கம்பைல் செய்யும்) கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்பு. வேகம் எவ்வளவு குறையும் என்பது உங்கள் நிரல் எந்த இடத்தில் நேரத்தைச் செலவழிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு பழைய பெட்டியைத் தவிர, எங்களுக்கு வேகத்தில் ஒன்றும் அடிபடவில்லை. அடி வேறு இடத்தில் விழுந்தது.

நான் இருப்பது மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஓர் எஸ்டேட் ஊர். இங்குள்ள செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில் ஓடுவது சி மொழியில் எழுதிய சின்னத் திறந்த மூல நிரல். அதைப் பராமரிக்கும் மூன்று பேரில் நானும் ஒருவன். குலையோடு வரும்போது லாரிக்கு ஓர் எடை, கொட்டிவிட்டுப் போகும்போது ஓர் எடை, கழித்தால் குலையின் எடை. அவ்வளவுதான் அதன் வேலை.

எப்போதாவது ஒரு சீட்டில், வெறும் லாரி 9,480 கிலோ என்று வரவேண்டிய இடத்தில் 51 கிலோ என்று வரும். கிராணி (எழுத்தர்) அக்கா பேனாவால் அடித்துத் திருத்திவிட்டு, "தம்பி, உன் மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்பார். நான் சீரியல் கேபிளைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை மாற்றினேன்.

கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் எங்கள் மேக்ஃபைலில், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுகிறதா என்று பார்க்கும் 'ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்' ஃபிளாக் 2ஆம் நிலையில் வெகுநாளாகவே இருந்தது. பாதுகாப்பெல்லாம் போட்டாயிற்று என்ற நினைப்பில் இருந்தோம். ஆனால் பிழை தேடும்போது யாரோ போட்ட 'ஓ-0' (ஆப்டிமைஸ் செய்யாதே, அதாவது நிரலை வேகமாக்கும் மாற்றம் வேண்டாம்) அதே வரியில் அப்படியே கிடந்தது. யாரோ என்ன, நான்தான். கம்பைலர் ஆப்டிமைஸ் செய்யாவிட்டால் ஃபோர்ட்டிஃபை வேலையே செய்யாது. சி நிரல்களின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி அதை எச்சரிக்கையாகச் சொல்லவும் செய்கிறது. கம்பைல் செய்யும்தோறும் அந்த வரி திரையில் ஓடியிருக்கிறது, ஒருவரும் நின்று படிக்கவில்லை.

ஆப்டிமைஸ் செய்யச் சொல்லும் 'ஓ-2' என்று மாற்றிய அடுத்த வாரம், மத்தியானம் மூன்று மணிக்கு, 'பஃபர் ஓவர்ஃப்ளோ டிடெக்டட்' (ஒதுக்கிய இடம் நிரம்பி வழிந்தது) என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நிரல் செத்தது. அப்போது பாலத்தில் நின்றது புட்ராஜெயா நம்பர் போட்ட ஒரு குத்தகை லாரி.

சாதாரணமாக இந்தப் பக்கத்து லாரி நம்பர் மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, நான்கு எண், ஆக எட்டு. நாங்கள் ஒதுக்கியிருந்தது 12 பைட். அந்த நம்பரில் ஊர்ப் பெயரே முழுசாக இருந்தது: புட்ராஜெயாவுக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, ஓர் இடைவெளி, மூன்று இலக்க எண், கடைசியில் முடிவைக் குறிக்கும் பூஜ்யம். மொத்தம் 14. ஒரு லாரியின் விவரங்களை அடுத்தடுத்து வைக்கும் ஸ்ட்ரக்சரில் நம்பருக்கு அடுத்தபடியாக இருந்தது வெறும் லாரியின் எடை. மிஞ்சிய இரண்டு பைட்டும் அதன் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த லாரி நம்பரின் கடைசி இலக்கம் 3. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் '3' என்ற எழுத்தின் மதிப்பு 51. கேபிளின் மேல் ஒரு குற்றமும் இல்லை!

இதை ஸ்டாக் புரொடெக்டர் என்ற இன்னொரு பாதுகாப்பு ஃபிளாக் பிடித்திருக்காது. அது ஃபங்ஷன் (நிரலின் ஒரு துண்டு) திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்ணை வைத்து, வெளியேறும்போது அது கலைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். எங்கள் கசிவு ஸ்ட்ரக்சருக்குள்ளேயே நின்றுவிட்டது. ஃபோர்ட்டிஃபை 1ஆம் நிலையும் இதை விட்டிருக்கும். ஸ்ட்ரக்சரின் தனித்தனி உறுப்பின் அளவைப் பார்ப்பது 2ஆம் நிலைதான். ஆகவே ஒரு ஃபிளாக் போதுமா என்று யோசிக்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு ஓட்டையைப் பார்க்கிறது.

சரி, வேகத்துக்கு வருவோம். எடைக்கருவி 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் அனுப்புகிறது. ஓர் எழுத்து வந்துசேரவே ஒரு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். காவல் எண்ணை வைத்துச் சரிபார்ப்பதற்கு ஆவது சில இன்ஸ்ட்ரக்ஷன்கள். அளந்து பார்த்தேன், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இயல்பாக வரும் ஏற்ற இறக்கத்துக்குள் வித்தியாசம் தெரியவே இல்லை. ஸ்டாக் புரொடெக்டரின் 'ஸ்ட்ராங்' வகை எல்லா ஃபங்ஷனிலும் கை வைப்பதில்லை. உள்ளே அரே (வரிசையாக அடுக்கிய இடம்) இருந்தாலோ உள்மாறியின் முகவரி எடுக்கப்பட்டாலோதான் சேர்க்கும். வீடியோ, சுருக்கல் மாதிரி வேலைகளில், லட்சக்கணக்கான முறை அழைக்கப்படும் சின்ன ஃபங்ஷனில் இது விழுந்தால்தான் கவலை. அப்போதும் முதலில், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் புரொஃபைலரில் பாருங்கள்.

லைப்ரரி முகவரி அட்டவணையைப் பிறகு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் ஃபுல் ரெல்ரோவின் செலவு நிரல் தொடங்கும் நேரத்தில்தான். லைப்ரரி முகவரிகளை எல்லாம் அப்போதே தேடி முடித்துவிடும். நிரலை நினைவகத்தில் எந்த இடத்திலும் ஏற்ற வழிசெய்யும் பி.ஐ.இ.யின் செலவு 64 பிட்டில் பொருட்டே இல்லை. 32 பிட் இன்டெலில் மட்டும் யோசிக்கவேண்டும். அங்கே இருப்பதே எட்டு ரெஜிஸ்டர் (பிராசசருக்குள் எண் வைக்கும் இடம்), அதிலும் ஒன்றை இது எடுத்துக்கொள்ளும். எங்கள் பழைய 32 பிட் பெட்டி ஒன்றில் மாதக் கணக்குப் போடும் வேலை மெதுவாக இழுத்தது. நெட்வொர்க்கே இல்லாத பெட்டி, அதனால் அங்கே மட்டும் எடுத்துவிட்டோம். மற்றபடி லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017இலேயே பி.ஐ.இ.யை இயல்பாக்கிவிட்டது, நீங்கள் தினமும் ஓட்டும் நிரல்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். ஜிசிசி கம்பைலரின் 14ஆம் பதிப்பு இருந்தால் 'ஹார்டன்ட்' என்ற ஒரே ஃபிளாக் இவற்றில் முக்கியமானவற்றை மொத்தமாகப் போட்டுவிடும்.

நினைவகப் பிழைகளைத் தேடும் அட்ரஸ் சானிடைசரை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேகத்தைப் பாதியாக்கும், சோதனைக்கு மட்டும்தான்.

எங்களுக்கு உண்மையில் செலவானது அந்த மத்தியானம்தான். நிரல் செத்ததும் லாரி வரிசை மெயின் ரோடு வரை போனது. வெட்டிய குலை வெயிலில் காத்துக்கிடந்தால் எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். மானேஜர் சும்மா இருப்பாரா? ஆனாலும் ஒன்பது டன் தப்புக் கணக்கு பேசாமல் ஓடுவதைவிட நிரல் சத்தம்போட்டுச் சாவதே மேல் என்பது என் கட்சி. நிரல் செத்தால் தானாக மறுபடி தொடங்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு ஃபிளாக் போடுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் போட்டோம்.

இப்போது நம்பருக்கு 24 பைட், நீளம் பார்த்துத்தான் காப்பி. அக்காவின் வேகப் புகார் இன்னும் தீரவில்லை. அது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பற்றியது.