ரீச்சருக்கு யார் எழுதிக் கொடுப்பது?

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்து உடுவிலிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். சனிக்கிழமைகளில் ஒரு தமிழ் வகுப்பில் போய் உதவி செய்கிறீர்கள். அங்கே இருபத்தொரு வருடமாக ஒரு சதமும் வாங்காமல் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். போன கிழமை உங்கள் வேலையிடத்தில் ஒரு பெண் தன் கோட்டில் குத்தியிருந்த சின்னப் பூச்சின்னத்தைக் காட்டி, உணவு வங்கியில் பத்து வருடம் தொண்டு செய்ததற்கு அரசாங்கம் தந்தது என்று சொன்னாராம். "எங்கட ரீச்சருக்கு ஏன் அக்கா இதை ஒருத்தரும் குடுக்கேல்லை? இதுக்குச் செல்வாக்கு வேணுமோ? வந்து எட்டு மாதமான நான் இதிலை தலையிடலாமோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செல்வாக்கு வேண்டாம். காசும் கட்டத் தேவையில்லை. ரீச்சருக்குக் கிடைக்காததற்குக் காரணம் ஒன்றுதான்: இருபத்தொரு வருடமாக அவரைப் பற்றி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இங்கே அரசாங்கம் தானாக வந்து ஆளைத் தேடாது. எழுதிக் கேட்டால்தான் தெரியும்.

நீங்கள் பார்த்த சின்னம் ஒன்ராறியோ மாகாணத்தின் தொண்டர் சேவை விருதுக்கு உரியது. அந்தப் பூ திரில்லியம். மூன்று வெள்ளை இதழ். வசந்தத்தில் இங்கத்தைய காடுகளில் நிலத்தோடு ஒட்டினாற்போல் பூக்கும். 1937 முதல் இந்த மாகாணத்தின் மலர் அதுதான். உங்களுக்கு வருகிற மாகாண அரசாங்கக் கடிதங்களின் தலைப்பிலும் அதன் கோட்டுருவம் இருக்கும், இனிப் பார்த்தால் தெரியும். விருது 1986இல் தொடங்கியது. ஒரே அமைப்பில் இடைவிடாமல் எத்தனை வருடம் சேவை செய்தார் என்பதுதான் கணக்கு. ஐந்து, பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது, பிறகு நாற்பது, ஐம்பது, அறுபது என்று போகும். 24 வயதுக்கு உட்பட்ட இளையவர்களுக்கு இரண்டு வருடமே போதும். சேவை செய்த வருடம் பதித்த சின்னமும் பெயர் எழுதிய சான்றிதழும் தருவார்கள். பணம் கிடையாது.

1986 என்றவுடன் எனக்கு வேறொன்றும் நினைவு வருகிறது. அதே வருடம் ஓகஸ்டில்தான் கனடாவின் கிழக்கே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில், அகதிகளாக வந்த 155 தமிழர்கள் தத்தளித்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்டார்கள். அப்படியும் இப்படியும் வந்து சேர்ந்த சனத்துக்கு மொழிபெயர்த்தவர்கள், நிலவறையில் பாய் விரித்துக் கொடுத்தவர்கள், வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போனவர்கள், பிள்ளைகளுக்கு முதல் தமிழ் வகுப்பை யாரோ ஒருவரின் வரவேற்பறையில் நடத்தியவர்கள் எல்லோரும் தொண்டர்கள்தான். அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்தவுடன் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுத இருந்தேன்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் உதவி செய்த ஒரு முதியோர் சங்கத்தில் ஒரு ஐயா இருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் மண்டபத்துக் கதவைத் திறப்பவர் அவர். ஒன்பதரைக்குச் சனம் வரும். அவர் எட்டரைக்கே போய்விடுவார். பனிக்காலத்தில் வாசற்படிக்கு உப்புப் போடுவார், கதிரைகளை அரைவட்டமாக அடுக்குவார், தேத்தண்ணிக்குப் பெரிய பானையில் தண்ணீரை வைப்பார். சீனி வருத்தம் உள்ளவர்களின் குவளைகளில் சிவப்பு நூல் கட்டி வைத்திருப்பார், மாறிப் போய்விடக் கூடாது என்று. எல்லோரும் போன பிறகு குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். பதினெட்டு வருடம்.

ஒருநாள் செயற்குழுவில் யாரோ இந்த விருதைப் பற்றிச் சொல்ல, ஐயாவின் பெயரைக் கொடுப்போம் என்று முடிவானது. ஆங்கிலம் எழுதத் தெரியும் என்பதால் படிவத்தை என்னிடம் தந்தார்கள். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஒருவரிடமும் பதிவில்லை. சங்கம் நடுவில் மண்டபம் மாறியபோது பழைய கொப்பிகளை எறிந்துவிட்டார்கள். அப்போதிருந்த செயலாளருக்குத் தெரிந்தது பத்து வருடம், அதையே எழுதச் சொன்னார். நானும் எழுதினேன். ஐயாவுக்குப் பத்து வருடச் சின்னம் கிடைத்தது. மேடையில் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். சின்னத்தை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பத்து எண்டு போட்டிருக்கு, பிள்ளை" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் திருத்தி எழுதுவோம் என்று நினைத்திருந்தேன். அடுத்த வருடம் அவர் இல்லை.

அவரிடமே கேட்டிருந்தால் அவர் தொடங்கிய கிழமையையே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. அது இன்றுவரை என் மனதில் கிடக்கிறது.

ஆகவே ரீச்சர் விஷயத்தில் முதல் வேலை வருடத்தைப் பிடிப்பது. வகுப்பு வரவுக் கொப்பிகள் எங்கேயாவது பெட்டியில் இருக்கும், தேடுங்கள். ஆண்டு விழா மலர்களில் ஆசிரியர் படம் இருக்கும், அதில் வருடமும் இருக்கும். இன்னொரு நல்ல சாட்சி பொலிஸ் சான்று. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் தொண்டு செய்கிறவர்களிடம் இங்கே பொலிஸ் சரிபார்ப்புக் கடிதம் கேட்பார்கள், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். ரீச்சரின் முதல் கடிதத்தை அவரே கோப்பில் வைத்திருக்கக் கூடும், தேதி அதில் இருக்கும். அவரிடம் படித்து இப்போது முப்பது வயதாகிற பிள்ளைகளும் இருப்பார்கள். எந்த வருடம் படித்தோம் என்று அவர்கள் எழுதித் தந்தால் செயற்குழுவுக்கும் தைரியமாகக் கையெழுத்து வைக்கலாம்.

வருடத்தோடு இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கே பாடசாலைச் சபைகள் நடத்துகிற சர்வதேச மொழி வகுப்புகளில் தமிழ் படிப்பிக்கிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. அந்த வேலை தொண்டாகாது. ரீச்சர் ஏதாவது ஒரு காலத்தில் அப்படியும் படிப்பித்திருந்தால் அந்த வருடங்களைக் கலக்கக் கூடாது. உங்கள் அமைப்பில் சம்பளமில்லாமல் செய்ததை மட்டும் எண்ணுங்கள். அங்கே நாலு வருடம், இங்கே ஆறு வருடம் என்று கூட்டவும் முடியாது. அமைப்பு ஒன்றாக இருக்க வேண்டும், சேவை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். சந்தா கட்டி உறுப்பினராக இருந்ததெல்லாம் சேவைக் கணக்கில் வராது. இருபத்தொரு வருடம் என்பது சரியாக இருந்தால் ரீச்சருக்கு உரியது இருபது வருடச் சின்னம்.

சரி, நீங்கள் தலையிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பரிந்துரையை அமைப்புத்தான் அனுப்ப வேண்டும், யாரும் தன் பெயரைத் தானே கொடுக்க முடியாது. ஆனால் அமைப்புக்காக உட்கார்ந்து எழுதுகிறவர் யாராகவும் இருக்கலாம். அதற்குக் குடியுரிமையும் வேண்டாம், இருபது வருடக் கனடா அனுபவமும் வேண்டாம். புதிதாக வந்த கண்ணுக்குத்தான் ரீச்சர் தெரிகிறார். எங்களுக்கு அவர் பழகிப் போய்விட்டார். மண்டபத்துச் சுவர் மாதிரி எப்போதும் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறோம்.

செயற்குழுவிடம் எப்படிப் பேசுவது என்பது கொஞ்சம் சிக்கல்தான். ஓர் அமைப்பு ஒரு வருடத்தில் ஒரு சிலரின் பெயரைத்தான் கொடுக்கலாம், எல்லை உண்டு. பெயர் கொடுக்கிற நேரம் தலைவர், உபதலைவர், பொருளாளர் என்று மேலிருந்து தொடங்குகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. ஊரிலும் அப்படித்தானே. சனசமூக நிலையத்து ஆண்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் பிரதம விருந்தினருக்கு. காலையில் வந்து பந்தல் கட்டி வாசிகசாலை கூட்டினவர் கடைசி வரிசையில் நின்று கை தட்டுவார். தலைவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மேடை கிடைக்கிறது. பின்னால் நிற்கிறவர்களின் பெயர் முதலில் போக வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் இளையவர், புதியவர் என்பதால் சண்டைக்குப் போக வேண்டாம். எழுதி முடித்த பிரதியைக் கொண்டுபோய் வையுங்கள். வெறும் யோசனையைத் தள்ளிப் போடுவார்கள். கையெழுத்து மட்டும் மிச்சமிருக்கிற தாளைத் தள்ளிப் போடுவது கஷ்டம்.

எழுதும்போது "தன்னலமற்ற சேவையாளர், அரும்பெரும் பணி" என்றெல்லாம் வாழ்த்துப்பா மாதிரி எழுதாதீர்கள். என்ன செய்தார் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்கள்: எழுத்துக்கூட்ட முடியாத ஒரு பையனுக்காக ரீச்சர் மணல் பரப்பிய தட்டு ஒன்றை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிறார், அவன் விரலைப் பிடித்து 'அ' எழுதிக் காட்டுகிறார் என்று. அதைத்தான் எழுத வேண்டும். சனிக்கிழமை எத்தனை மணித்தியாலம், எத்தனை பிள்ளைகள், எத்தனை பஸ் மாறி வருகிறார் என்பதையும் எழுதுங்கள். படித்துப் பார்க்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மணல் தட்டு விளங்கும்.

பெயர் விஷயம் கவனம். எங்கள் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று படிவம் கேட்கும்போது பலர் கடவுச்சீட்டில் உள்ளபடியே போட்டுவிடுவார்கள். பிறகு சான்றிதழில் தகப்பனின் பெயரோ கணவரின் பெயரோ முன்னுக்கு வந்து நிற்கும். ரீச்சருக்குத் தன் பெயர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக அவரிடமே கேட்டு எழுதுங்கள். மேடையில் கூப்பிடுகிறவருக்காக உச்சரிப்பையும் தனியாக ஒரு துண்டில் எழுதி விழாவன்று கொண்டுபோங்கள். நான் போன விழாவில் ஒரு அம்மாவின் பெயரை மூன்று தரம் தப்பாகக் கூப்பிட்டார்கள். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். அருகில் இருந்தவர்கள் தட்டி எழுப்ப வேண்டியதாயிற்று.

ரீச்சர் வேண்டாம் என்று சொல்வார், அது நிச்சயம். "நான் இதுக்கே செய்தனான்?" என்பார். அந்தக் கூச்சத்தை மதியுங்கள். அவருக்குத் தெரியாமல் அனுப்பாதீர்கள். "உங்களுக்காக இல்லை ரீச்சர், பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். அது பொய்யுமில்லை. ஒன்ராறியோவில் உயர்தரப் பாடசாலை முடிக்கிற பிள்ளை 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்க வேண்டும் என்ற விதி 1999 முதல் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த நாற்பதைப் பன்னிரண்டாம் வகுப்புக் கடைசியில் அவசரமாக முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபத்தொரு வருடத்துச் சனிக்கிழமைகளைக் கூட்டினால் எத்தனை நாற்பது என்று ரீச்சரின் வகுப்புப் பிள்ளைகளையே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு மேலே மத்திய அரசின் பதக்கமும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் Sovereign's Medal for Volunteers, தமிழில் தொண்டர்களுக்கான அரசரின் பதக்கம் என்று சொல்லலாம். அரசரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் வழங்குவது. முன்பு 1995இல் உருவாக்கிய ஒரு விருது இருந்தது, அதன் இடத்துக்கு இது வந்தது. வெள்ளி நிறப் பதக்கம். அதன் நாடாவில் ஐந்து பொன் கோடுகள் இருக்கும், கொடுக்கிற கையின் ஐந்து விரல்கள் அவை. இதற்கு அமைப்புத்தான் எழுத வேண்டும் என்றில்லை, தனி ஆளும் பரிந்துரைக்கலாம். ஆனால் வருடக் கணக்கு மட்டும் போதாது. சேவையின் பெறுமதியை உறுதிப்படுத்த வேறு ஆட்களும் வேண்டும், ஆராய்ந்து முடிவு சொல்ல நாளும் எடுக்கும். முதலில் மாகாண விருதை முடியுங்கள். அதற்குச் சேர்த்த தாள்களே இதற்கும் உதவும்.

உங்களுக்கு இதில் என்ன பயன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் சனிக்கிழமைகளையும் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதுங்கள். தேதி, நேரம், என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி போதும். வேலை தேடும்போது இந்த நாட்டில் உங்களைத் தெரிந்த ஒருவரின் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தை எழுதுகிறவருக்கு இந்தக் கொப்பி கை கொடுக்கும்.

பரிந்துரைக்கான முடிவுத் தேதியை ஒன்ராறியோ அரசின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலை நிறம் மாறத் தொடங்கும்போதே தாள்களைச் சேர்த்துவிட வேண்டும், பனி கொட்டத் தொடங்கினால் ஒருவரையும் பிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிறு பின்னேரங்களில் நான் வீட்டில்தான். மேசையில் இருந்து சேர்ந்து எழுதுவோம். வரும்போது அந்த வரவுக் கொப்பிகளையும் கொண்டுவாருங்கள், முதலாவது கொப்பி கட்டாயம்.

அன்புடன்,
அக்கா