வேலூர் வெயிலில் வீணையும் வயலினும்: கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் மேல்மாடி வீடு, ஐயா. கத்திரி வந்தாலே வீணையில் சுருதி சேர்த்த பிறகும் காந்தார ஸ்வரம் பிசகுகிறது. மரம் கெட்டுவிட்டதா?

மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது அம்மா. தந்தியை அழுத்தும் 24 உலோக மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேல்தளம் காய்ந்து அறை கொதிக்கும்போது மெழுகு இளகும். நீங்கள் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்குத் தந்தியை இழுக்க இழுக்க, மெட்டு மயிரிழை நகர்ந்துவிடும். ஸ்வரம் கெட அதுவே போதும். விரலால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள். தீக்குச்சியோ லைட்டரோ காட்டவே வேண்டாம். கீழ்த்தளத்தில் உறவினர் வீடு இருந்தால் மே மாதம் அங்கே வையுங்கள். இல்லையென்றால் மேற்குச் சுவரை விட்டுத் தள்ளி, உறையோடு தரையில் படுக்க வையுங்கள். வெயில் தணிந்த பிறகு மேளம் கட்டினால்தான், அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதித்தால்தான் நிற்கும். கத்திரியில் கட்டுவது வீண் செலவு.

குடியாத்தம். மழையில் வயலின் பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) திரும்பவே மாட்டேன் என்கிறது, பங்குனியில் நிற்காமல் வழுக்குகிறது.

மரம் ஈரம் குடித்தால் குறுக்கே உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. பிருடை அதனால் தடிக்கும், அது நிற்கும் உருண்டைத் துளையும் லேசாக நீள்வட்டமாகிவிடும். இறுகியிருக்கும்போது பலம் காட்டாதே தம்பி, பிருடைப் பெட்டி விரிசல் விடும். வழுக்கினால் துளி சாக்பீஸ் தூள் போதும். எண்ணெய் கூடாது. அப்புறம், நான்கு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்தாதே. உள்ளே தந்தியின் அழுத்தத்தில் நிற்கும் சின்னக் குச்சி சாய்ந்துவிடும்.

கச்சேரி முடிந்து ஆரணியில் சாப்பிட இறங்கினோம். வயலின் காரிலேயே இருந்தது. இப்போது ஏதோ கரகரக்கிறது.

வெயிலில் பூட்டிய காரில் வயலினை விடவே கூடாது. அதை ஒட்டியிருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. 60 டிகிரி செல்சியஸ் நெருங்கினால் இளகும். விளிம்பு முழுக்க விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் உதறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. பயப்படாதீர்கள், மரம் பிளப்பதற்குமுன் விட்டுக்கொடுக்கத்தான் அந்தப் பசை. ஃபெவிகால் மட்டும் தடவாதீர்கள்; அடுத்த முறை மரமே பிளக்கும்.

காட்பாடி. கிதாருக்கு இரவெல்லாம் ஏசி போடலாமா?

ஏசி காற்றை உலர்த்தும், காலையில் அணைத்ததும் அறையில் ஈரம் திரும்பிவிடும். தினமும் இப்படி ஏறி இறங்குவதுதான் மரத்தை வாட்டும். வாசித்ததும் பெட்டியில் பூட்டுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி வையுங்கள். 45 முதல் 55 சதவீதம் நல்லது.

பெட்டியில் அரிசி போடலாமா?

வேண்டாம், பூச்சி வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள், தை பிறந்ததும் எடுத்துவிடுங்கள்.