சொல்லிக்கொண்டு போவது

அன்புள்ள ஆச்சி,

எனக்குச் சொந்த ஊர் செட்டிநாட்டுக் கோட்டையூர். கடல் உயிரியல் முதுகலை படிக்க நார்வேயில் உள்ள பெர்கன் நகரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. படித்ததைவிட ஊர் சுற்றியதுதான் அதிகம் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் சுற்றியதில் பாதிகூட அவர்களுக்குத் தெரியாது.

போன செப்டம்பரில் ரயிலேறி, 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்சே நிலையத்தில் இறங்கினேன். ஹார்டாங்கர்விடா பீடபூமியில் நான்கு நாள் தனியாக நடப்பதாகத் திட்டம். வழியில் மலையேற்றச் சங்கத்தின் குடில்கள் உண்டு. சிலவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள். சங்க உறுப்பினர் எல்லாருக்கும் ஒரே சாவிதான். உள்ளே விறகும் சமையல் சாமானும் இருக்கும். எடுத்ததை நாமே எழுதி வைத்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும். வந்தவர் பெயர், எங்கிருந்து வந்தோம், அடுத்து எங்கே போகிறோம் என்று எழுத ஓர் ஏடும் இருக்கும். மூன்றாம் நாள் மூடுபனி இறங்கிவிட்டது. வழி காட்ட அங்கங்கே கற்களில் சிவப்பாக 'டி' என்று எழுதியிருப்பார்கள். அடுத்த 'டி' கண்ணில் படவில்லை. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு முந்தைய குடிலுக்கே திரும்பிவிட்டேன். நடையை முடிக்காமல் வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மார்ச்சில் லொஃபோட்டன் தீவுகளுக்குப் போனேன். டிரோண்ட்ஹெய்மிலிருந்து பூடோ வரை 729 கிலோமீட்டர் ரயில், பிறகு கப்பல். கரை நெடுக மரச்சட்டங்களில் காட் மீன் தொங்குகிறது. உப்பே போடாமல் குளிரிலும் காற்றிலும் காய்கிற கருவாடு.

மே மாதம் தோழிகள் இரண்டு பேரோடு ஃபியோர்டுக்குள் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டினோம். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இடத்தைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. என் கயாக் கவிழ்ந்துவிட்டது. மிதவைச் சட்டை போட்டிருந்தேன். அந்தப் பக்கமாகப் படகில் வந்த பெரியவர் ஒருவர் தூக்கிவிட்டார். பத்து நிமிடம்கூடத் தண்ணீரில் இருந்திருக்க மாட்டேன்.

இது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. 'நூலகத்தில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது' என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புகிறேன். தெரிந்தால் அழுவார்கள், கல்விக் கடனைப் பற்றிப் பேசுவார்கள். இத்தனைக்கும் செலவு என் கைக்காசு, உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்தது. ஐயாவின் அப்பா பர்மாவுக்குப் போனதை இன்றைக்கும் வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் போனால் மட்டும் அது ஏன் ஊர் சுற்றல் ஆகிறது?

அம்மா உங்கள் தளத்தைப் படிப்பவர். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாய். கோட்டையூர், பெர்கன், கடல் உயிரியல் என்று மூன்றையும் சேர்த்துப் படித்தால் பெற்றவளுக்கு ஆள் தெரியாதா? ஊர்ப் பெயரை மாற்றிப் போட எனக்கு மனம் வரவில்லை. 'முதலில் அம்மாவிடம் சொல், பிறகு போடுகிறேன்' என்று அதனால்தான் தனியாக எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டதாகப் பதில் போட்டிருக்கிறாய். இனி எல்லார் முன்னாலும் பேசலாம்.

பர்மாவுக்குப் போனவர்களைப் பற்றிக் கேட்டாய். என் அப்பாவைப் பெற்ற எங்கள் ஐயாவும் போனவர்தான். வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கிற பெட்டியடிப் பையனாகப் போய், முதலாளின் உதவியாளான அடுத்தாள் ஆனவர். ரங்கூன் மொகல் தெருவில் கடை. மூன்று வருடம் வேலை பார்த்தால் ஒரு கணக்கு. கணக்கு முடித்து ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பலேறுவார். அவர் எழுதிய கடிதங்களில் நாற்பதுக்கு மேல் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தன. எல்லாவற்றையும் படித்திருக்கிறேன். நெல் விலை இருக்கிறது, வட்டி இருக்கிறது, யாருக்கு எவ்வளவு அனுப்பியது என்பது இருக்கிறது, கோயில் மகமை இருக்கிறது. பர்மா இல்லை. ஐராவதி ஆறு எப்படி இருக்கும், அந்த ஊர்ப் பெண்கள் சந்தையில் என்ன விற்பார்கள், மழை பிடித்தால் எத்தனை நாள் விடாது என்று ஒரு வரி கிடையாது. குறை சொல்லவில்லை. கடையிலேயே சாப்பாடு, கடையிலேயே படுக்கை, பெட்டிக்குப் பக்கத்தில் பாய். ஊர் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? அங்கிருந்து தேக்கு வந்து எங்கள் வளவில் தூணாக நிற்கிறது. அந்த மரம் வளர்ந்த காட்டை எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

உன் குடும்பத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால், போன நாட்டைக் கண் திறந்து பார்க்கிற முதல் ஆள் நீ. கடலைப் படிக்கப் போன பெண் கடலைப் பார்க்காமல் அறைக்குள் உட்கார்ந்திருப்பதைத்தான் நான் தவறு என்பேன். உழைத்த காசில் ரயில் டிக்கெட் எடுத்ததற்கு நீ யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் லொஃபோட்டனை இரண்டு வரியில் முடித்துவிட்டாயே! உப்பில்லாமல் மீன் எப்படிக் காய்கிறது? தொண்டிக் கடற்கரையில் கருவாடு வெயிலும் உப்பும் சேர்ந்து காய்வதைப் பார்த்தவள் நான். அங்கே பிப்ரவரியிலிருந்து மே வரை, உறைகிற குளிருக்கும் இளகுகிற குளிருக்கும் நடுவே தொங்கவிட்டே காயவைக்கிறார்கள் என்று படித்தேன். வெயில் ஏறினால் ஈ மொய்க்கும், குளிர் கூடினால் சதை கெடும். அந்த இடைப்பட்ட குளிர் ஆண்டுதோறும் தவறாமல் வருகிற கரை என்பதால்தான் அந்தத் தொழில் அங்கே நிலைத்திருக்கிறது. காய்ந்த மீன் இத்தாலிக்குப் போகிறதாம். தலைகளை மட்டும் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்களாம். தரம் பிரிப்பது யார், விலை சொல்வது யார், நைஜீரியாவில் அந்தத் தலை எந்தக் குழம்புக்குள் போகிறது? வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண் நீ, இதையெல்லாம் கேட்காமல் வந்திருக்க மாட்டாய். எழுது.

அடுத்தது நீ திரும்பி வந்த கதை. உன் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நீ வெட்கப்படுவதாக எழுதியதைப் படித்ததும் உனக்குப் பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. நார்வேக்காரர்கள் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் வைத்திருக்கிறார்கள். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்த பிறகு நாடு முழுக்க எடுத்துச் சொன்ன விதிகள். நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது எட்டாவது விதி. பிறந்ததிலிருந்து பனியில் நடக்கிற ஜனங்களே தங்கள் பிள்ளைகளுக்கு இதை எழுதி வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. கோட்டையூரிலிருந்து போன பெண், அடுத்த 'டி' தெரியவில்லை என்றதும் நின்று, யோசித்து, வந்த வழியே திரும்பினாள். அன்றைக்கு நீ எனக்குப் பெரிய மனுஷி.

அதே பட்டியலின் முதல் விதி உனக்குத் தெரிந்திருக்கும். பயணத்தைத் திட்டமிடு, எந்த வழியாகப் போகிறாய் என்று யாரிடமாவது சொல். இங்கேதான் எனக்கு உன்மேல் கோபம்.

அந்தக் குடிலைப் பற்றி நீ எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொருவர் குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு. பங்காளிகள் எல்லாரும் வந்தால்தான் வீடு முழுக்கத் திறக்கும். அங்கே முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் ஒரே சாவி. எடுத்த அரிசிக்கு எடுத்தவரே கணக்கு எழுதுகிறார். 1868-இல் தொடங்கிய சங்கம் இன்றைக்கும் அந்த நம்பிக்கையில் நடக்கிறது. பேரேடு எழுதி வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். அந்த ஏட்டில் நீ என்ன எழுதினாய்? பெயர், எங்கிருந்து வந்தேன், அடுத்து எங்கே போகிறேன். யாராவது காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான். யாரோ எவரோ படிக்கப்போகிற ஏட்டில் உண்மையை எழுதினாய். அதே நாளில் பெற்ற தாயிடம் நூலகத்தில் இருப்பதாகச் சொன்னாய்.

மே மாதத்தை நினைத்துப் பார். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவரைப் பற்றி ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது, திணறும். அதற்குப் பிறகு கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம். 'பத்து நிமிடம்கூட இருந்திருக்க மாட்டேன்' என்று நீ சாதாரணமாக எழுதியிருக்கிறாய். உன் கைகள் உன்னுடையவையாக இருந்த நேரமே அவ்வளவுதான், அம்மா. அந்தப் பெரியவர் அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? நீங்கள் மூன்று பேரும் எந்த நீரில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேற வேண்டும் என்று கரையில் ஒருவருக்காவது தெரியுமா? உன் கடிதத்தில் அது இல்லை. தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

கோட்டையூரில் இருக்கிற அம்மாவால் நார்வேக் கடலில் உன்னைத் தூக்கிவிட முடியாது, உண்மை. ஆனால் பொய் ஒரு இடத்தோடு நிற்பதில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் படம் போட மாட்டாய், அறைத்தோழியிடமும் முழுதாகச் சொல்ல மாட்டாய், வகுப்பில் யாராவது கேட்டால் வேறு ஏதாவது சொல்லி வைப்பாய். கடைசியில் நீ எங்கே இருக்கிறாய் என்பது உன் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஆகிவிடும். எனக்கு மலையும் கடலும் பயமில்லை. இதுதான் பயம்.

ஐயா காலத்தில் கப்பலேறும் முன் பத்து நாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வார்களாம். பங்காளி வீடு, சம்பந்தி வீடு, கோயில் வாசல், வண்ணான் வீடு வரைக்கும். 'போறேன்' என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், 'போயிட்டு வாறேன்'தான். திரும்பி வந்ததும் மறுபடி அதே வாசல்களுக்குப் போவார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைத்தேன்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் நின்றுவிட்டது. 1942-இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்தார்கள். ஐயா பர்மா எல்லையில் உள்ள தமு வழியாக இம்பாலுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. எட்டு மாதம் அப்பத்தாவுக்கு ஒரு சேதியும் இல்லை. முகப்பில் உட்கார்ந்து தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக ஆத்தா சொல்வாள். கடைசியில் ஆள் வந்தார், எலும்பும் தோலுமாக.

ஆனால் அந்த நடையைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாகிறவரை ராத்திரி படுக்கும்போது தலைமாட்டில் கூஜா நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்திருந்தாலும் எழுந்து போய் அவரே நிரப்பிக்கொண்டு வருவார். பத்து வயதில் ஒருமுறை, 'ஏன் ஐயா, அவ்வளவு தண்ணி குடிப்பீங்களா?' என்று கேட்டேன். 'நீ தூங்கு' என்றார். அந்த மலையில் தண்ணீருக்காக என்ன நடந்தது, யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்காமல் வந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்திலேயே பெரிய பயணம் அது. அதில் எங்களுக்கு மிஞ்சியது ஒரு கூஜாதான். அவருக்காவது சொல்ல முடியாத வேதனை இருந்தது. உனக்கு என்ன? நீ பார்த்ததெல்லாம் சொல்லத் தகுந்தது, கேட்க ஆள் இருக்கிறது.

இனி கிளம்பும்போது மூன்று பேரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பு. அங்கேயே இருக்கிற ஒருவரிடம் வழியும் திரும்பும் நேரமும் எழுதிக் கொடு. அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். அம்மாவிடம் ஊர்ப் பெயரோடு சொல். மூன்றாவது ஆளாக, உனக்குச் சம்மதமானால், என்னிடம் சொல். அம்மா அழுதால் அழட்டும். இரண்டு மூன்று முறை அழுவார்கள். பிறகு குளிருக்குப் போட்டுக்கொள்ள என்ன எடுத்தாய் என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இதை எழுதி முடித்து வைத்திருந்தேன். நேற்று மாலை, உன்னிடமிருந்து என் எண்ணை வாங்கி உன் அம்மாவே கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் பேசினோம். கயாக்கைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தது. உன்னைத் திட்டியதைச் சொல்லி வருத்தப்பட்டார்கள். வைக்கப்போகிற நேரத்தில், 'ஆச்சி, அந்த மலைக் குடிலில் ஆளே இல்லை என்கிறாளே, அடுப்புக்கு விறகு யார் வெட்டி வைப்பது?' என்று கேட்டார்கள். உன்னிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குக் கூப்பிடுவார்கள், போனை எடு.