புதுப் பாடகர்கள் பாட்டை ஏன் இலவசமாக டவுன்லோட் செய்ய விடுகிறார்கள்?

கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விலையை நாமே போடும் வசதி ஒன்று உண்டு; கலைஞர் குறைந்தபட்ச விலை எதுவும் வைக்கவில்லை என்றால், பெட்டியில் 0 என்று தட்டிவிட்டு பாட்டை எம்பி3 ஆகவோ, தரம் குறையாத ஃபிளாக் ஆகவோ சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம். சும்மா ஏன் தருகிறார்கள்? பெயரே தெரியாதவரின் பாட்டை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்? பழக்கடையில் ஒரு துண்டு நறுக்கிக் கையில் வைப்பார்களே, அந்தக் கணக்குதான். பதிலுக்குச் சிலர் மின்னஞ்சல் முகவரி கேட்பார்கள், அடுத்த ஆல்பம் வந்தால் சொல்ல.

புது ஆட்களைத் தேடுகிறீர்களா? பிடித்த ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் அந்தப் பக்கத்திலேயே இருக்கும், ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய மற்ற ஆல்பங்களும் வரும், அப்புறம் ராத்தூக்கம் போச்சு! நண்பருக்கு அனுப்புவதானால் லிங்க்கை அனுப்புங்கள், பாட்டுக்காரருக்கு ஒரு ஆளாவது கூடும்.

இலவசமாகக் கிடைத்ததால் காப்புரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, உங்கள் யூடியூப் வீடியோவில் போட வேண்டுமானால் அதற்கு இடம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமோ (பாட்டை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று கலைஞர் முன்கூட்டியே எல்லோருக்கும் தரும் அனுமதி), கலைஞரிடம் தனியாகக் கேட்டு வாங்கிய அனுமதியோ வேண்டும்.