கிரீன் கார்டு வைத்திருப்பவர் பழைய மகாரோவை இடுப்பில் செருகலாமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் அருகே கடை நடத்துகிறேன். இரவு பதினொரு மணிக்கு மேல் அன்றைய வசூலுடன் தனியாக வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. கிரீன் கார்டு கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் திருமணம் நடந்தது. மனைவி எச்-1பி விசாவில் இருக்கிறார். துப்பாக்கிக் கண்காட்சி ஒன்றில், பல்கேரிய ராணுவம் கழித்துவிட்ட சிறிய மகாரோவ் கைத்துப்பாக்கி ஒன்றைப் பார்த்தேன். ‘ஐம்பது வருடத்துப் பழம்பொருள், படிவம் எதுவும் தேவையில்லை’ என்கிறார் விற்பவர். அதை வாங்கி மறைத்து எடுத்துச் செல்லலாமா? அவசரத்துக்கு மனைவி பயன்படுத்தலாமா? நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் காரில் போகும்போது உடன் கொண்டுபோகலாமா? நண்பர் ஒருவர் தனக்கும் ஒன்று வாங்கித் தரச் சொல்கிறார்.

பதில்: நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (கிரீன் கார்டு) பெற்றவர் என்ற முறையில், வேறு தடை எதுவும் இல்லாத வரை, நீங்கள் கைத்துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அமெரிக்கக் குடிமகன் ஒருவருக்கு அபராதத்தோடு முடிந்துவிடக்கூடிய ஒரு துப்பாக்கிக் குற்றம், உங்களை நாடு கடத்தும் நடவடிக்கை வரை கொண்டுபோகலாம். குடியேற்றச் சட்டத்தின் 237ஆவது பிரிவில் துப்பாக்கிக் குற்றங்களுக்கென்றே தனி உட்பிரிவு இருக்கிறது. டெக்சஸ் நீதிமன்றங்களில் தீர்ப்பை ஒத்திவைத்து, நன்னடத்தைக்குப் பிறகு வழக்கை முடித்துவிடும் ஏற்பாடு வழக்கத்தில் உண்டு. ‘இது தண்டனை ஆகாது, ஒப்புக்கொண்டுவிடுங்கள்’ என்று குற்றவியல் வழக்கறிஞர்கள் சிலர் சொல்வார்கள். மாநிலச் சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். குடியேற்றச் சட்டமோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு நிபந்தனைக்கு உட்பட்டாலே அதைத் தண்டனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

விற்பவர் சொல்வது பாதிதான் உண்மை. 1898ஆம் ஆண்டுக்குள் செய்யப்பட்ட துப்பாக்கிகளையே கூட்டாட்சிச் சட்டம் தொல்பொருளாகக் கருதி விலக்கு அளிக்கிறது. சோவியத் ராணுவம் 1951இல் ஏற்றுக்கொண்ட மகாரோவ் அந்த வகையில் சேராது. ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவிலேயே இருக்கும் துப்பாக்கி ‘கியூரியோ’ என்னும் சேகரிப்பாளர் வகைக்குள் வரும் என்பது மெய்தான். ஆனால் அதற்கென உள்ள சேகரிப்பாளர் உரிமம் பெற்றவருக்குத்தான் அதனால் சலுகை கிடைக்கும். உங்களைப் போன்றவர் கடைக்காரரிடம் வாங்கினால், துப்பாக்கி எவ்வளவு பழையதாக இருந்தாலும் 4473 என்ற படிவத்தை நிரப்பியே ஆகவேண்டும், எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனையும் உண்டு. விற்பவர் டெக்சஸில் வசிக்கும் தனிநபர் என்றால் கூட்டாட்சிச் சட்டம் படிவம் கேட்பதில்லை. அப்படியிருந்தும் உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாகவே இதை வாங்கச் சொல்வேன். முறையாக வாங்கினீர்கள் என்பதற்கு நாளை சான்றாக நிற்கப்போவது அந்தப் படிவம்தான். அதில் உங்கள் நாடு இந்தியா என்றும், குடியேற்றத் துறை தந்த எண்ணையும் பிழையின்றி எழுதுங்கள். கஞ்சா பயன்படுத்துபவரா என்ற கேள்வியும் அதில் வரும். வேறு மாநிலத்தில் அது சட்டப்படி விற்கப்படுகிறது என்பதால் விடை மாறிவிடாது. பொய் எழுதுவதே தனிக் குற்றம்.

உங்கள் நண்பர் கேட்பதற்கு மறுத்துவிடுங்கள். சலுகை விலைக்காகத் தன் மாமாவுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், உண்மையில் வாங்குபவர் தானே என்று படிவத்தில் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்தான். ஆயினும் 2014இல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.

எதை வாங்குவது என்பதில் எனக்குச் சொல்ல இருப்பதும் சட்டத்தை ஒட்டியதே. எண்ணூறு கிராமுக்கும் குறைவான எடை, சுமார் 16 செ.மீ. நீளம், எட்டுத் தோட்டா என்ற அளவில் மகாரோவ் இடுப்பில் அடங்கிவிடும். ஆனால் அதன் பாதுகாப்புத் தாழ் மேலே தள்ளினால் பூட்டும், கீழே இறக்கினால் சுடும், வால்தர் பி.பி. வகைக் கைத்துப்பாக்கிகளில் இது நேர் எதிர். இரண்டையும் மாற்றிப் பழகியவர் பதற்றத்தில் தவறு செய்வார். மேலும், கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் ஊசித் தடுப்பு இக்காலத் துப்பாக்கிகள் பலவற்றில் உண்டு, இதில் இல்லை. கீழே விழுந்து வெடித்து யாருக்காவது காயம் பட்டால், பழைய பொருளைத் தேர்ந்தெடுத்துத் தோட்டா நிரப்பியபடி சுமந்தவரின் கவனக்குறைவைப் பற்றித்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பேசுவார். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் சான்று பெறுங்கள். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடவே வேண்டாம். அதைத் தெரிந்தே வைத்திருப்பது குற்றம்.

டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம். இருந்தும் எல்.டி.சி. என்ற, கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான டெக்சஸ் உரிமத்தை வாங்கிவிடுங்கள். கட்டணம் 40 டாலர், சில மணி நேர வகுப்பு, ஒரு சுடும் தேர்வு, அவ்வளவுதான். காரணம் பள்ளிக்கூடங்கள். பள்ளி வளாகத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் பொது இடத்தில் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலமே அளித்த உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு, உரிமமின்றிச் சுமப்பவருக்கு அந்த விலக்கு இல்லை. டாலஸ் புறநகரில் பள்ளி எதையும் கடக்காமல் கடையிலிருந்து வீட்டுக்கு வர உங்களால் முடியுமா என்று வரைபடத்தில் பாருங்கள். உரிமம் இருந்தாலும் அஞ்சலகத்துக்குள்ளும், 51 விழுக்காடு என்று சிவப்பில் எழுதிய பலகை உள்ள மதுக்கூடத்துக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மனைவியைப் பற்றிய வரிதான். எச்-1பி உள்ளிட்ட தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 15 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். அவர் நிலையை அறிந்தே அவரிடம் கொடுத்தால் நீங்களும் குற்றவாளி. கையில் பிடித்தால்தான் உடைமை என்றும் இல்லை; பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரிந்து, எடுக்கும் வசதியும் இருந்தால், அவர் வசம் இருந்ததாகவே அரசுத் தரப்பு வாதிடலாம். உங்கள் விரல்ரேகைக்கு மட்டும் திறக்கும் பெட்டகம் வாங்குங்கள். சுடும் பயிற்சிக் கூடத்துக்கு ‘ஒரு தடவை சுட்டுப் பார்’ என்று அழைத்துப் போவதும் இதில் அடங்கும். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற ரெஹைஃப் வழக்கு, மாணவர் விசாவில் வந்த ஒருவர் அப்படிப்பட்ட கூடத்தில் சுட்டதிலிருந்து தொடங்கியதே.

ஒரு வழி உண்டு: அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருந்தால் தற்காலிக விசாக்காரருக்குத் தடை நீங்கும். டெக்சஸின் வழக்கமான வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். புதுப்பிக்கத் தவறினால் செப்டம்பர் முதல் நாள் காலையில் அவர் மீண்டும் தடைக்குள் வந்துவிடுவார்.

எடிசனுக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் டெக்சஸ் உரிமத்தை நியூஜெர்சி ஏற்பதில்லை. அங்கே உரிமமின்றிக் கைத்துப்பாக்கி சுமந்ததாகத் தண்டிக்கப்பட்டால் பொதுவாகக் குறைந்தது 42 மாதங்கள் பரோலின்றிச் சிறையில் இருக்க நேரும்.

ஊருக்கு விமானம் ஏறும் முன், பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப்போன பையை ஒருபோதும் பயணப் பையாக்காதீர்கள். மடிப்பில் தங்கிய ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் ஆயுதச் சட்டத்தின் 25ஆவது பிரிவின் கீழ் வழக்குப் பதிவாகிறது. தெரியாமல் கிடந்தது, அறிந்து வைத்திருந்த உடைமை அல்ல என்று காட்டி உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்ய இடமிருக்கிறது. ஆனால் அதற்குள் உங்கள் விடுப்பு முடிந்திருக்கும்.